எஸ்தர் கிண்டிய சொக்கலேற்

சண்டிலிப்பாய்,
24 மே 1938.

அன்புள்ள மகன் கிளரன்சுக்கு அம்மா எழுதுவது.

நீ என்னைப் பொய் எழுதச் சொல்லியிருக்கிறாய். அதைச் சொல்லாமல் சுகம் விசாரிக்கக் கை வரவில்லை, இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டு இன்றுதான் எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி பொன்மலரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் உளைவுகூட இந்த வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீயும் கோலாலம்பூரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், றெயில்வே கந்தோர் வேலையில் மனக்கவலை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் மன்றாட்டு. வயிறு எரிகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், கடைச் சாப்பாட்டைக் குறை, வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே. இங்கே மழை இல்லை, கிணற்றில் அடி தெரிகிறது, புகையிலை வெட்டிப் புகைபோட்டு முடிந்தும் ஊரை விட்டு அந்த மணம் இன்னும் போகவில்லை.

பத்தாம் திகதி நீ எழுதிய கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. வட்டுக்கோட்டையிலிருந்து கிறகோரி மாஸ்ரர் உனக்கு நேராகவே எழுதிவிட்டார் என்பதை அதில்தான் அறிந்தேன். உனக்குப் படிப்பித்தவர், அவருடைய மகள் பியாட்றிசை உனக்குப் பேசி முக்கால்வாசி ஒப்பேறியும் இருந்தது, ஆகவே அவர் உனக்கு எழுதியதில் எனக்குக் கோபமில்லை. உயிர்த்த ஞாயிறன்று நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த சொக்கலேற்றை மரமேறுகிறவனின் பெண்சாதி சின்னி எங்கள் குசினிக்குள் வந்து கிண்டினாள், அந்த வீட்டில் எப்படிச் சம்பந்தம் செய்வது என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய். நான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அவள் தானாக உள்ளே வந்து அடுப்பில் இருந்த தாச்சியைத் தொட்டுவிட்டாள், எனக்குத் தெரியாது, தெரிந்தவுடன் ஏசித் துரத்திவிட்டேன், இப்படி நான் மாஸ்ரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "ரெண்டு வரிதானே அம்மா, எழுதிவிடுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறாய். மாஸ்ரர் உனக்கு நடந்ததில் பாதியைச் சொல்லியிருக்கிறார். மற்றதை நான் சொல்கிறேன். வாசித்து முடித்த பிறகு அந்த இரண்டு வரியை நீ இன்னொரு தரம் எடுத்து வாசி.

நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பிய சொக்கலேற் டின் மாசியில்தான் வந்து சேர்ந்தது. வழியில் உருகி, திரும்ப இறுகி, மேலெல்லாம் சாம்பல் பூசினது போல வெள்ளை பூத்திருந்தது. பொன்மலருக்கு அதெல்லாம் கண்ணில் படுமா, நாளுக்கு ஆறு ஏழு என்று தின்றாள். நான் டின்னை எடுத்து ஒளித்தால் அப்பா, அண்ணை ஆசையாய் அனுப்பினது தின்னட்டும் என்று எடுத்துக் கொடுப்பார். பங்குனி பிறக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் சூத்தை விழுந்து கன்னம் தேங்காய் அளவு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டையும் பிடுங்கினார்கள், அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிடுங்கிய டொக்டரம்மா அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு இரத்தமும் காணாது. வெள்ளைச் சீனியையும் டின் இனிப்பையும் நிப்பாட்டுங்கோ. எள்ளு, உழுந்து, பனங்கட்டி ஒண்டும் உங்கடை வீட்டிலை இல்லையோ? என்னத்தைத் திண்டாலும் வாயைக் கொப்புளிக்கப் பழக்குங்கோ" என்றார். வெட்கமாக இருந்தது. உடுவில் விடுதியில் படித்து, பத்து வருஷம் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள் நான்.

அடுத்த கிழமை ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளைப் பாட்டுப் பாட விட்டுவிட்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பிள்ளை, அரைவாசி வாய் கறுப்பு. முன்னால் மர வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பல் இல்லை, பின்வாசலில் பாயில் இருக்க விட்டிருக்கிற மரமேறுகிறவர்களின் ஏழு பிள்ளைகளுக்குப் பல் இருக்கிறது, தின்னச் சாமான் இல்லை, கை கால் ஈர்க்கு மாதிரி. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் பட்டணத்துக் கடையில் சாயம் போட்ட சீனி முட்டை வாங்கித்தான் கொடுக்கிறோம். இந்த முறை நான் வீட்டில் செய்து தருகிறேன், சொக்கலேற்றாகவே செய்கிறேன், பல்லுக்கும் உடம்புக்கும் கெடுதி இல்லாமல் செய்கிறேன் என்று சபைக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். காரியதரிசி பொன்னம்பலத்தார் வாயைப் பொத்திச் சிரித்தார். "ரீச்சர், அது வெள்ளைக்காரன் மெஷினிலை செய்யிற சாமான். உம்மடை குசினியிலை கத்தரிக்காய்க் குழம்புதான் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்த இடத்தில் ரோசம் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை.

பட்டணத்தில் கொக்கோத்தூள் டின் வாங்கினேன். சந்தையில் பனங்கட்டி வாங்கினேன். பசுப்பாலைக் காய்ச்சிப் பனங்கட்டியைப் போட்டேன், பால் திரைந்து குளத்து அடிச் சேறு போல வந்தது. அடுத்த தரம் பால் சேர்க்காமல் எவ்வளவோ காய்ச்சினேன், இறுகவே இல்லை, விரலில் ஒட்டினதைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் போனது. மூன்றாம் தரம் அடி பிடித்துக் கல்லாகி, அகப்பையே முறிந்தது. பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை எஸ்தர் வழக்கம்போலப் பனங்கட்டிக் கடகத்தோடு பின்வாசலுக்கு வந்தாள். எஸ்தர் என்று நான் எழுதுவது சின்னியைத்தான். பதினொரு வருஷத்துக்கு முன் எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்து அவளுக்கு வைத்த பெயர் அது. அன்றைக்கு ஒருமுறை போதகர் வாயால் சொன்ன பெயரைப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தாச்சியை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நாச்சியார், உது பிள்ளையளுக்கோ, மாட்டுக்கோ?" என்று கேட்டாள். பொன்மலர் ஓட்டைப் பல் தெரிய விழுந்து விழுந்து சிரித்தாள். எஸ்தர் சந்தைக் கட்டியில் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் துப்பினாள். "உது புளிச்ச கட்டி. முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினது காணாது, இறக்க முந்திப் பதநீர் புளிச்சுப்போச்சு. புளிச்சதைக் காய்ச்சினால் இறுகாது, பாலையும் திரைக்கும். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றாள். இருபது வருஷம் அவளிடம் கட்டி வாங்குகிறேன், விலையைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

பெரிய சனிக்கிழமை காலமை அவளுடைய நல்ல கட்டியோடு திரும்பத் தொடங்கினோம். அவள் வாசலுக்கு வெளியே, நான் அடுப்படியில். "இப்ப இறக்குங்கோ, இல்லை இல்லை, இப்ப, ஐயோ விட்டிட்டீங்கள்" என்று அவள் அங்கே நின்று கத்த, கண்ணில் புகையோடு நான் இங்கே தடுமாற, ஒரு தாச்சி பாழாய்ப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மறுநாள் விடியக் கொடுக்க வேண்டும். உள்ளே வா என்றேன். அவள் அசையவில்லை. "நான் வந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல் நாச்சியார்" என்றாள். கரைச்சல் எனக்கென்றால் நான் பார்த்துக்கொள்கிறேன், வா என்றேன். கால் கழுவினாள், கையை மூன்று தரம் கழுவினாள், வாசற்படியில் ஒரு காலை வைத்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மற்றக் காலையும் எடுத்து வைத்தாள். கேள் கிளரன்ஸ், நான் கிணற்றடியில் இருக்கவில்லை. நான் அவளுக்கு முன்னால், மூன்று முழத் தூரத்தில் நின்றேன். நான் கூப்பிட்டுத்தான் வந்தாள், இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

அவள் கிண்டும்போது தாச்சியைப் பார்ப்பதே இல்லை, காதைச் சரித்துக்கொண்டு நிற்கிறாள். "பாகு கதைக்கும் நாச்சியார். முதல் சளசளவெண்டு சின்னப் பிள்ளை மாதிரி, பிறகு சத்தம் தடிச்சு, புக் புக்கெண்டு கிழவன் இருமுற மாதிரி. அப்ப இறக்க வேணும்" என்றாள். பொன்மலரும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, பொன்னம்பல மாமா இருமுறார்" என்று சொல்ல எஸ்தர் அகப்பையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செய்முறையை உனக்கும் எழுதுகிறேன், நீங்கள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிற வீட்டில் அடுப்பு இருக்கிறது, உன் வயிற்றுக்கும் நல்லது. பனங்கட்டியை நொறுக்கிக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துச் சீலையில் வடி, மண்ணும் ஓலைத் தும்பும் இருக்கும். மெல்லிய நெருப்பில் காய்ச்சு. பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு நிற்க வேண்டும், விரலால் அமத்தினால் நசிய வேண்டும். கொக்கோத்தூளைத் தேங்காயின் முதற்பாலில் கட்டியில்லாமல் குழைத்து வைத்திருந்து அப்போது விடு, உடனே வறுத்த உழுத்தம்மாவையும், வறுத்து இடித்த எள்ளையும், ஏலக்காயையும், ஒரு கல்லு உப்பையும் போட்டு, ஒரு கரண்டி நெய் விட்டுக் கை ஓயாமல் கிண்டு. தாச்சியை விட்டுத் திரண்டு வரும்போது இறக்கி, சூடு ஆறுமுன் கையில் நெய் பூசி முட்டை மாதிரி உருட்டு. கொக்கோ கூடினால் கசக்கும், எள்ளுக் கூடினால் உதிரும். உப்பை மறந்துவிடாதே, அது எஸ்தர் சொன்னது, அதுதான் ருசியைத் தூக்கிக் கொடுக்கிறது.

கடதாசியில் சுற்றினால் ஒட்டும் என்று அவள் ஓலையில் சின்னஞ்சிறு குட்டான் பெட்டிகள் இழைத்தாள். குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் எல்லோரும் கையில் பிடித்துப் பாடிக்கொண்டு போன குருத்துகள் தேவாலயத்துச் சுவரோரம் வாடிக் கிடந்தன. அவளுடைய புருஷன் அடைக்கலநாதன் மரத்தில் ஏறி வெட்டிக் கொடுத்த ஓலைகள்தானே. அவற்றை வாரிக்கொண்டு வந்து ஈரச் சீலையில் போட்டு வைத்து, கோழி முட்டை அளவில் நூறு குட்டான், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, பொழுது சாயுமுன் இழைத்து முடித்தாள். நான் எவ்வளவோ அழகான சாமான்கள் பார்த்திருக்கிறேன், விடுதியில் மிசியம்மாக்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் எல்லாம் பார்த்திருக்கிறேன், இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

உயிர்த்த ஞாயிறு ஆராதனை முடிந்து முற்றத்தில் வேப்ப மரத்துக்குக் கீழே கொடுத்தோம். பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, பெரியவர்களுக்கு மிஞ்சினது. கிறகோரி மாஸ்ரரின் மனைவியும் பியாட்றிசும் அன்றைக்கு எங்களோடு ஆராதனைக்கு வந்திருந்தார்கள், சாப்பாடும் எங்கள் வீட்டில்தான் என்று ஏற்பாடு. மாஸ்ரரின் மனைவி ஒன்றைத் தின்று, இரண்டாவதைத் தின்று, மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது கிளரன்ஸ் மலாயாவிலை இருந்து அனுப்பினதுதானே? பல்லிலை ஒட்டேல்லை, வாயிலை கரையுது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்றார். பொன்னம்பலத்தார் இரண்டைத் தின்று இரண்டைச் சட்டைப் பையில் போட்டிருந்தார், "ரீச்சர், உம்மடை கத்தரிக்காய்க் குழம்பு எங்கை?" என்று பகிடி விட்டார். அவர்கள் எல்லோருமே அது நீ அனுப்பிய டின் என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு உன் கலியாணத்துக்கு நாள் வைத்திருப்போம், அது எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்துக்கு நேரே அவ்வளவு பேர் அவ்வளவு சந்தோஷமாக இன்னொருவருடைய கைவேலைக்கு வெள்ளைக்காரனைப் புகழும்போது என்னால் முடியவில்லை. இது இங்கே செய்தது, பனங்கட்டியும் எள்ளும், எஸ்தர் கிண்டினவ என்றேன். "எந்த எஸ்தர்?" என்று மாஸ்ரரின் மனைவி சுற்றிப் பார்த்தார், "உடுவிலிலை புதுசாய் வந்த மிசியம்மாவோ?" என்று கேட்டார். பொன்னம்பலத்தாருக்கும் தெரியவில்லை. பதினொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே ஜெபித்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் யாருடையது என்று தெரியவில்லை. நான் பின்வாசலில் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றவளைக் காட்டினேன். "சின்னியோ?" என்றார் பொன்னம்பலத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மாஸ்ரரின் மனைவி கைலேஞ்சியை வாயில் வைத்துத் துப்பினார். ஒரு தாய் தன் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள், அந்தப் பிள்ளை விடாமல் அழுதுகொண்டே மென்றது. பொன்னம்பலத்தார் சட்டைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வாய் கழுவக் கிணற்றடிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் முற்றத்து மணல் எல்லாம் குட்டான். கர்த்தர் உயிர்த்தார் என்று பாடி முடித்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. போதகர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்தர் வந்தாள், குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணலை ஊதி, கடகத்தில் போட்டாள். என் கிட்ட வந்தபோது, "பிள்ளையள் பாவம் நாச்சியார், அதுகளிலை கோவிக்காதையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். பியாட்றிஸ் துப்பவில்லை. தாய் கண்ணைக் காட்டினார், அவள் தலையைக் குனிந்துகொண்டு வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள், குட்டானை மூடிக் கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நீ கட்ட இருந்த பெண் பக்கத்தில் நின்று விழுங்கினாள் மகன். நீ கடலுக்கு அப்பால் இருந்து துப்புகிறாய்.

இந்தச் சனங்களுடைய வீடுகளில் பனங்கட்டி இல்லாத வீடு ஒன்றைக் காட்டு பார்க்கலாம். அடைக்கலநாதன் இறக்கின பதநீர், எஸ்தருடைய பானையில், அவளுடைய அகப்பையால் காய்ச்சி, அவளுடைய கையால் ஊற்றினது. விடிந்தால் அதைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். அவளுடைய அடுப்பில் காய்ந்து இறுகி வந்தால் குற்றமில்லை, அதே கட்டியை அதே கை எங்கள் அடுப்பில் இளக்கினால் குற்றம். இந்தச் சட்டத்தை எழுதியவன் யார் என்று போதகரைக் கேட்டேன். "அவசரப்படாதையுங்கோ ரீச்சர், காலம் வரும்" என்றார். காலம் வருகிற வழியில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவும் அன்றிலிருந்து இதைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் வாயைத் திறந்தார், "எழுதிக் குடுத்துவிடன் இரத்தினம், பெடியன்ரை வாழ்க்கை" என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய இடது கையில் கோப்பை, வலது கையில் பனங்கட்டித் துண்டு. அதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கட்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த புதன்கிழமை பொன்னம்பலத்தார் அடைக்கலநாதனைக் கூப்பிட்டு, "இனி என்ரை மரத்திலை ஏறாதை, உன்ரை பெண்சாதி குசினி ஏறினது காணும்" என்று சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு வீட்டார் தங்கள் மரங்களையும் அவனிடமிருந்து பறித்துவிட்டார்கள். பதநீர் சொட்டுகிற காலம் இது, இந்த மூன்று நாலு மாத உழைப்புத்தான் அவர்களுக்கு வருஷம் முழுவதும் சோறு. பாளை சீவி விட்ட மரங்கள் அப்படியே காய்கின்றன, முட்டி கட்ட ஆளில்லை. இப்போது அவனுக்கு இருப்பது எங்கள் வளவில் நிற்கிற ஏழு மரம் மட்டும், அதையும் விட்டுவிடச் சொல்லி உன் அப்பாவிடம் ஆள் வந்து போகிறது. இந்த நிலையில் நான் நீ சொன்ன இரண்டு வரியை எழுதினால் என்ன நடக்கும் என்று நினைத்தாயா? நான் கூப்பிட்டு வந்தாள் என்றால் மரம் போகிறது. தானாக நுழைந்தாள் என்றால் அவள் களவாய் வீடு ஏறினவள். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருத்தி பொதுக்கிணற்றில் தானாக வாளியைப் போட்டாள் என்று அவளுடைய குடிலுக்கு நெருப்பு வைத்தார்கள், ஒருவரையும் பிடிக்கவில்லை. நீ கேட்பது அந்த நெருப்பை மகன். மை தொட்டு எழுதினாலும் நெருப்புத்தான்.

நான் சுத்தமானவள் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வரைக்கும் நானும் அவளுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர் வார்த்தேன், அந்தச் சிரட்டையை வீட்டுக்குப் பின்னால் கோடியில் வேலிக் கதியாலில் கொழுவி வைத்திருந்தேன். நீயும் அதைப் பார்த்து வளர்ந்தவன், ஆகவே உன்னைக் கோபிக்கும்போது என்னையும் கோபிக்கிறேன். உனக்கு எட்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வராமல் அவளுடைய கொட்டிலுக்கு ஓடினாய். அவள் பானை வழித்துச் சூட்டுப் பாகை ஓலைத் துண்டில் வைத்துத் தர நக்கித் தின்றுவிட்டு, நாடியெல்லாம் பாகோடு வந்தாய். நான் பூவரசந் தடியால் அடித்து, கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டேன். அவள் வேலிக்கு வெளியே நின்று, "பிள்ளையை அடியாதையுங்கோ நாச்சியார், இனி வந்தால் நானே கலைச்சுவிடுறன்" என்று கெஞ்சினாள். அன்றைக்கு நீ அழுதுகொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய், அது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. "அம்மா, கட்டி தின்னலாமெண்டால் பாகு ஏன் தின்னக்கூடாது?" என்றாய். பதில் இல்லாததால் இன்னும் இரண்டு அடி போட்டேன். பதினாறு வருஷம் கழித்து அந்தக் கேள்விக்கு இந்த உயிர்த்த ஞாயிறன்றுதான் பதில் சொல்லப் பார்த்தேன், இப்போது நீ தடியை எடுத்துக்கொண்டு நிற்கிறாய்.

ஆகவே நான் எழுத மாட்டேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும் என்று இலேசாகச் சொல்லவில்லை, பியாட்றிசைப் போல ஒரு பெண் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று உன்னைவிட நான் ஆசைப்பட்டவள், அதிலும் அன்றைக்கு அவளைப் பார்த்த பிறகு. அயல் வீட்டுச் சீவரத்தினத்தார் அடுத்த கப்பலில் கோலாலம்பூர் வருகிறார். அவருடைய கையில் நீ அனுப்பிய அதே டின்னைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே பத்துக் குட்டானில் சொக்கலேற் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு. கப்பலில் பழுதாகாமல் இருக்கத் தேங்காய்ப்பால் விடாமல் நெய்யில் கிண்டியது. நேற்று எங்கள் குசினியில், பொன்மலரும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, எஸ்தர் கிண்டினாள். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், உனக்கு என்றவுடன் வந்தாள். முடிந்த பிறகு என் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தேன், இரண்டு கையாலும் பிடித்தும் பாதியைச் சிந்திவிட்டாள். பொன்மலருக்கு வாயில் முளைக்கிற புதுப் பல் வெள்ளையாக இருக்கிறது, உனக்குச் சொல்லச் சொன்னாள். இனி டின் இனிப்பு அனுப்பாதே, கொக்கோத்தூள் மட்டும் அனுப்பு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உனக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் தருவாராக. வெயிலில் டின்னை வைக்காதே, தின்ற பிறகு வாய் கொப்புளி, ஆராதனைக்குத் தவறாமல் போ. டின்னின் அடியில் கிறகோரி மாஸ்ரரின் விலாசம் எழுதிய உறை ஒன்றும், ஒரு வெறுந்தாளும் வைத்திருக்கிறேன். உன் கூட்டாளிகளுக்கு முன்னால், கிண்டியது யார் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அதைத் தின். எஸ்தரை என் தாய்தான் உள்ளே கூப்பிட்டாள், அவள் கிண்டியதை நானும் தின்றேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அந்த உறையில் போட்டு அனுப்பு. இரண்டு வரிதானே மகன். எழுது.

உன் அம்மா,
இரத்தினம்மா தேவராசா